பழைய வீடியோக்கள்: அழிப்பதா, மறைப்பதா, அப்படியே விடுவதா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டர்வொர்த்தில் அக்கா வீட்டில் சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வருவதற்குள் மடிக்கணினியைத் தூக்கி மேசையில் வைத்துவிட்டார். "தம்பி, இதுல பாதியை அழிச்சிடலாம்னு இருக்கேன். ஒரு தடவை பார்த்துச் சொல்லு."

அவருடைய யூடியூப் சேனலில் நூற்றுச் சொச்சம் வீடியோக்கள். பாதிக்கு மேற்பட்டவற்றை இப்போது யாரும் சீண்டுவதில்லை. புதிதாகப் போடும் சமையல் வீடியோக்களும் நினைத்த அளவுக்கு ஓடவில்லை. பள்ளியில் கூட வேலை செய்யும் ஒருவர் காரணம் சொல்லியிருக்கிறார்: ஓடாத பழைய வீடியோக்கள் சேனலின் சராசரியைக் கீழே இழுக்கும், அதைப் பார்த்து யூடியூப் புதிய வீடியோவையும் யாருக்கும் காட்டாது, குப்பையை ஒழித்தால்தான் சேனல் எழும் என்று. அக்காவுக்கு அது நியாயமாகப் பட்டிருக்கிறது. "மார்க்கெட் ஸ்திரீட்ல துணிக்கடை வெச்சிருக்கவன், விக்காத சேலையைக் கொண்டுவந்து வாசல்ல தொங்கவிடுவானா?" என்று என்னிடமே திருப்பிக் கேட்டார்.

நான் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைப்பவன். எனக்கும் ஒரு சேனல் இருக்கிறது, அதில் இதே வேலையைச் செய்து சூடுபட்டும் இருக்கிறேன். அந்தக் கதை பிறகு. முதலில் அக்காவின் சேனலில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விடை அதைப் பொறுத்தது.

அதில் மூன்று அடுக்கு. அடியில், 2019இல் கைப்பேசியில் விளையாட்டாக எடுத்த ஊர்சுற்றல்: ஃபெரி, பினாங்குக் கொடிமலை, தண்ணீர்மலை தைப்பூசம். நடுவில், 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளி திறக்காமல் போனபோது மாணவர்களுக்காக எடுத்த யூபிஎஸ்ஆர் (மலேசியாவில் அப்போது ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிய தேர்வு) தமிழ்ப் பாடங்கள். மேலே, 2022இலிருந்து சமையல். நடு அடுக்குதான் பெரியது, பாவமும் அதுதான். மார்ச் 18ஆம் தேதி ஆணை தொடங்கியது. அக்கா இரவு பகலாகப் பாடம் எடுத்தார். ஏப்ரல் பாதியில் அந்த ஆண்டின் யூபிஎஸ்ஆர் தேர்வு ரத்து என்று கல்வி அமைச்சு அறிவித்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அந்தத் தேர்வையே ஒழித்துவிட்டார்கள். இல்லாத தேர்வுக்கு நாற்பது பாடங்கள்.

சராசரி என்ற பயம்

சேனலுக்கு ஒரு மொத்த மதிப்பெண் இருக்கிறது, ஓடாத வீடியோ ஒவ்வொன்றும் அதிலிருந்து கொஞ்சம் கழிக்கிறது என்ற எண்ணம் பலருக்கும் உண்டு. ஆசிரியர்களுக்கு இன்னும் அதிகம், வகுப்புச் சராசரி பார்த்தே பழகியவர்கள் இல்லையா. ஆனால் பரிந்துரை வேலை செய்யும் விதம் வேறு.

2016இல் கூகுள் பொறியாளர்கள் மூவர் யூடியூபின் பரிந்துரை முறையைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது என்று அதில் விளக்கியிருந்தார்கள். முதல் கட்டத்தில், இந்த ஒரு பார்வையாளர் இதுவரை எதைப் பார்த்தார், எதைத் தேடினார் என்பதை வைத்து மில்லியன் கணக்கான வீடியோக்களிலிருந்து சில நூறு பொறுக்கப்படும். இரண்டாவது கட்டத்தில் அந்தச் சில நூறும் வரிசைப்படுத்தப்படும். இவர் எதை அதிக நேரம் பார்ப்பார் என்ற கணிப்பு அதில் முக்கியம். மக்கள் புதியதை விரும்புகிறார்கள் என்பதால் வீடியோவின் வயதையும் கணக்கில் சேர்த்திருந்தார்கள். அந்த முறை அதற்குப் பிறகு எவ்வளவோ மாறியிருக்கும். ஆனால் தொடங்கும் இடம் மாறவில்லை: பார்வையாளரிடமிருந்து தொடங்கி வீடியோவைத் தேடிப் போகிறது, சேனலிலிருந்து தொடங்கிப் பார்வையாளரைத் தேடி வருவதில்லை.

யூடியூப் தன் உதவிப் பக்கத்திலும் இதே கேள்விக்குப் பதில் போட்டிருக்கிறது. சேனலின் சராசரியைவிட, ஒவ்வொரு வீடியோவும் அதைப் பார்ப்பவர்களும் தரும் அறிகுறிகளையே அதிகம் நம்புகிறோம். ஒரு வீடியோ சரியாகப் போகவில்லை என்பதால் சேனல் தண்டிக்கப்படுவதில்லை. பரிந்துரைக்கும்போது பலர் உங்கள் வீடியோக்களைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டால்தான் மொத்தமாக இறங்கும் என்பதுதான் அதன் சாரம்.

இதை அக்காவுக்கு நாசி கண்டார் கடையை வைத்துச் சொன்னேன். வரிசையில் நிற்பவர் முகத்தைப் பார்த்ததும் பரிமாறுகிறவருக்குத் தெரியும், இவர் போன தடவை மீன்தலைக் கறி கேட்டவர், குழம்பை நனைய ஊற்றச் சொன்னவர் என்று. கடைசிப் பாத்திரத்தில் யாரும் கேட்காத ஏதோ ஒரு பிரட்டல் கிடக்கிறது என்பதால் மீன் கறியின் ருசி குறைந்துவிடாது. ஆனால் மீன் கேட்டவர் தட்டில் அந்தப் பிரட்டலை ஊற்றினால் சண்டைதான். அக்கா சிரித்தார். பிறகு, "அப்போ என் கடையில யார் தட்டில எதை ஊத்துறாங்க?" என்றார். கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

ஏனென்றால் பயத்தில் ஓர் உண்மையும் ஒளிந்திருக்கிறது. 2020இல் அந்தச் சேனலுக்குச் சப்ஸ்கிரைப் செய்தவர்கள் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளும் அவர்கள் பெற்றோரும். அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது பதினெட்டு வயது. முருங்கைக்கீரைச் சாம்பார் வீடியோ போட்டால் அது முதலில் போய்ச் சேரும் ஆட்களில் இவர்களும் இருப்பார்கள், தம்நெயிலை, அதாவது வீடியோவின் முகப்புப் படத்தை, பார்ப்பார்கள், தாண்டிப் போவார்கள். அவர்கள் அந்த நாற்பது பாடங்களைப் பார்த்துச் சேர்ந்தவர்கள் என்பது உண்மை. ஆனால் அந்தப் பாடங்களை இன்று அழித்தால் அவர்கள் விருப்பம் மாறிவிடப் போவதில்லை. சேனலைப் பாதிக்கிறது என்று நாம் நினைப்பது பழைய வீடியோவை. உண்மையில் பாதிப்பது பழைய கூட்டத்துக்கும் புதிய சரக்குக்கும் இடையிலுள்ள இடைவெளி. இதைப் புரிந்துகொண்டால் மற்ற முடிவுகள் பாதி எளிதாகிவிடும்.

முதலில் எதைப் பார்ப்பது

சேனல் வைத்திருப்பவர் தன் கணக்குகளைப் பார்க்கும் யூடியூப் ஸ்டூடியோவைத் திறந்தால் கடைசி 28 நாள் கணக்குதான் முதலில் தெரியும். பழைய வீடியோவை அதை வைத்து எடைபோடவே கூடாது. அக்காவின் முறுக்கு வீடியோ அந்த 28 நாளில் செத்த பாம்பு. ஓர் ஆண்டுக் கணக்காக மாற்றிப் பார்த்தால் தீபாவளிக்கு முந்தைய மூன்று நான்கு வாரங்களில் ஒரு குன்று எழுந்து இறங்கியிருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டும் அப்படியே. தைப்பூச வீடியோவுக்குத் தை மாதம். இவற்றை ஜூன் மாதத்தில் பார்த்து ஓடாதவை என்று முடிவு கட்டுவது, ரம்புத்தான் மரத்தைக் காய்க்காத மாதத்தில் வெட்டுவது போல.

அடுத்து, பார்ப்பவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். முகப்புப் பக்கத்திலிருந்தா, இன்னொரு வீடியோவின் பக்கத்தில் காட்டப்பட்டா, தேடியா, வாட்சாப்பில் யாரோ அனுப்பிய லிங்கிலா? ஒரு பழைய வீடியோவுக்கு மாதம் முப்பது பேர் வந்தாலும், அந்த முப்பது பேரும் தேடி வந்தவர்கள் என்றால் அது உயிருள்ள வீடியோ. தேடி வந்தவர் கையில் ஒரு தேவையோடு வருகிறார். தேடலில் தட்டிய சொற்களையும் ஸ்டூடியோ காட்டும். அக்காவின் பட்டியலில் ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ், மலாய், அங்கங்கே தமிழ் எழுத்து என்று எல்லாம் கலந்து கிடந்தது. நம் ஊர்ப் பெற்றோர் எப்படித் தேடுகிறார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

தம்நெயில் காட்டப்பட்டவர்களில் எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்ற விழுக்காட்டைப் பார்த்துப் பலர் கலங்குவார்கள். பாதி சேனல்களுக்கும் வீடியோக்களுக்கும் அது 2 முதல் 10 விழுக்காட்டுக்குள்தான் இருக்கும் என்று யூடியூபே சொல்கிறது. 4 என்று பார்த்ததும் மயக்கம் போட வேண்டாம்.

அழிப்பது

சரி, என் கதைக்கு வருகிறேன். 2021இல் என் சேனலில் கேமரா, லென்ஸ் பற்றித் தமிழில் பேசிக்கொண்டிருந்தேன். தொடக்க கால வீடியோக்களைப் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருக்கும்: இருட்டு, இரைச்சல், விசிறிச் சத்தம். ஒரு நாள் இரவு உட்கார்ந்து நாற்பதுக்கும் மேல் அழித்துத் தள்ளினேன். மறுநாள் காலையில் மனசு லேசாக இருந்தது. ஒரு வாரம் கழித்துத்தான் கணக்குப் புரிந்தது.

விளம்பர வருமானத்துக்கு விண்ணப்பிக்க 1,000 சப்ஸ்கிரைபர்களும், கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பொதுப் பார்வையும் வேண்டும் (அல்லது 90 நாளில் ஷார்ட்ஸ் வழியாக 1 கோடிப் பார்வை, நமக்கு எட்டாத கணக்கு). இதில் 'பொது' என்ற சொல்லை நான் கவனிக்கவில்லை. அழித்த வீடியோ, பிரைவேட் ஆக்கிய வீடியோ, அன்லிஸ்டெட் ஆக்கிய வீடியோ (இவை மறைக்கும் இரண்டு வழிகள், கீழே சொல்கிறேன்) எதுவும் அந்த மணிக்கணக்கில் சேராது. நான் கூச்சப்பட்டு அழித்த பழைய வீடியோக்களில் இரண்டு, தேடலில் சொட்டுச் சொட்டாக மணி நேரம் சேர்த்துக்கொண்டிருந்தவை. வாசலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டுத் திரும்பி நடந்தேன். யாரையும் குறை சொல்ல முடியாது, விதி எழுதியே இருந்தது. படிக்காதது நான்.

ஆனால் இதை எல்லோருக்கும் பொருத்திவிடக் கூடாது. 12 மாதக் கணக்கு என்பதால், இந்த ஓராண்டில் யாருமே பார்க்காத வீடியோவை அழித்தால் மணி நேரத்தில் ஒன்றும் குறையாது. அக்காவின் சேனல் ஏற்கெனவே அந்த வாசலைத் தாண்டிவிட்டது. அப்படியிருந்தும் அழிப்பதை நான் கடைசியில்தான் வைப்பேன், ஏனென்றால் திரும்பி வர வழியில்லாதது அது ஒன்றுதான். கமெண்டுகள் போய்விடும். வாட்சாப் குழுக்களிலும் முகநூலிலும் சுற்றிய லிங்க் எல்லாம் செத்துவிடும். மூலக் கோப்பு கையில் இல்லாவிட்டால் வீடியோவும் போனது போனதுதான். ஸ்டூடியோவிலிருந்து முன்கூட்டியே இறக்கி வைத்தாலும் கிடைப்பது 720பி தரம்தான், அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

இத்தனையையும் விட்டுக்கொடுத்து எனக்குக் கிடைத்த லாபம்? அழித்த பிறகு போட்ட வீடியோக்கள் முன்பு போட்டவற்றைப் போலவேதான் ஓடின. ஒரு மாற்றமும் இல்லை.

எப்போது அழிக்கலாம்? அடுத்தவர் பிள்ளையின் முகமோ வீட்டு முகவரியோ அனுமதியில்லாமல் வந்திருந்தால். தவறான, கேடு விளைவிக்கும் தகவல் இருந்தால். அதுவும், முகத்தை மட்டும் மங்கலாக்கும் வசதி ஸ்டூடியோவிலேயே இருக்கிறது என்பதைப் பார்த்த பிறகு. காப்புரிமை எச்சரிக்கை வந்தது என்று பதறி வீடியோவை அழிப்பவர்களும் உண்டு. அழிப்பதால் அந்த எச்சரிக்கை நீங்காது.

மறைப்பது

பிரைவேட், அன்லிஸ்டெட் இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் அதிகம். பிரைவேட் என்றால் நீங்களும் நீங்கள் அழைத்தவர்களும் மட்டும் பார்க்கலாம், பழைய லிங்க் வைத்திருப்பவருக்குக் கதவு பூட்டியிருக்கும். அன்லிஸ்டெட் என்றால் லிங்க் வைத்திருப்பவர் யாரும் பார்க்கலாம், ஆனால் தேடலிலும் பரிந்துரையிலும் சேனல் பக்கத்திலும் வராது. பொதுப் பிளேலிஸ்ட்டில் கிடந்தால் மட்டும் அங்கே தலைகாட்டும். இதை மறந்து, மறைத்துவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கண்டுபிடிக்கப்படுவது என்ற ஒரே கோணத்தில் பார்த்தால் மறைப்பதும் அழிப்பதும் ஒன்றுதான். இரண்டிலும் ஒரு வாசல் மூடுகிறது. வித்தியாசம், மறைத்ததைத் திரும்பத் திறக்கலாம், கமெண்டும் கணக்கும் அங்கேயே இருக்கும். அதனால் அழிக்கத் தோன்றும் எதையும் முதலில் அன்லிஸ்டெட் ஆக்கி மூன்று மாதம் விடுங்கள். நல்ல வேளை என்று தோன்றினால் அப்படியே இருக்கட்டும். ஐயோ என்று தோன்றினால் திறந்துகொள்ளலாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அன்லிஸ்டெட் ஒரு நிரந்தரப் பெட்டகம் இல்லை. 2017க்கு முன் ஏற்றிய அன்லிஸ்டெட் வீடியோக்களை யூடியூப் 2021 ஜூலையில் பாதுகாப்புக் காரணம் சொல்லி பிரைவேட் ஆக்கியது. அதற்குமுன் லிங்க் கொடுத்து வைத்திருந்தவர்கள் எல்லாம் அன்று விழித்தார்கள்.

மறைப்பது உண்மையிலேயே பொருந்தும் இடம் ஒன்று உண்டு: காலாவதியான அறிவிப்புகள். அக்காவின் சேனலில் "நாளை எட்டு மணிக்கு இணைய வகுப்பு", "வினாத்தாள் வெள்ளிக்கிழமை வரும்" என்று ஒரு நிமிட வீடியோக்கள் ஏழெட்டு இருந்தன. புதிதாகச் சேனல் பக்கத்துக்கு வருபவர் அதைப் பார்த்தால், இந்தக் கடை மூடிக் கிடக்கிறது என்று நினைப்பார். அல்காரிதத்துக்காக இல்லாமல், வரும் மனிதருக்காக மறைக்கலாம்.

திருத்துவது

எனக்குப் பிடித்த வழி இதுதான், அதனால் கொஞ்சம் ஒருதலையாகப் பேசுவேன்.

அந்த நாற்பது பாடங்களை எடுத்துக்கொள்வோம். தேர்வு போய்விட்டது, சரி. ஆனால் அவற்றுக்குள் இருப்பது என்ன? இரட்டைக்கிளவி, உவமைத்தொடர், மரபுத்தொடர், கட்டுரை எழுதும் முறை. செய்யுளும் மொழியணியும் இன்றும் தமிழ்ப்பள்ளியில் கற்பிக்கப்படுகின்றன. யூபிஎஸ்ஆர் என்ற சொல் தலைப்பிலும் தம்நெயிலிலும் பெரிய சிவப்பு எழுத்தில் இருப்பதுதான் பாடத்தைப் பழசாக்குகிறது. தலைப்பில் 'ஆண்டு 6 தமிழ்' என்று மாற்றி, தம்நெயிலைப் புதிதாகப் போட்டு, டிஸ்கிரிப்ஷனில் மலாயிலும் ஆங்கில எழுத்துத் தமிழிலும் இரண்டு வரி இயல்பாக எழுதினால் தேடுகிறவர் கண்ணில் படும். ஒரு வீடியோவுக்குப் பத்து நிமிட வேலை. டேக், அதாவது வீடியோவோடு சேர்க்கும் குறிச்சொல், போடுவதில் நேரத்தைக் கரைக்க வேண்டாம். மக்கள் அடிக்கடி எழுத்துப் பிழையோடு தேடும் சொற்களுக்குத்தான் அது கொஞ்சம் உதவும், மற்றபடி அதன் பங்கு மிகச் சிறியது என்று யூடியூபே சொல்லிவிட்டது.

தலைப்பை மாற்றினால் யூடியூப் உடனே தூக்கிவிடும் என்றும் நினைக்கக் கூடாது. மாறியது தலைப்பு என்பதற்காக எதுவும் நடப்பதில்லை. மாறிய தலைப்பைப் பார்த்து மனிதர்கள் வேறு மாதிரி நடந்துகொண்டால்தான் ஏதாவது நடக்கும். அதே காரணத்தால், ஏற்கெனவே நன்றாக ஓடும் பழைய வீடியோவின் தலைப்பில் கை வைக்காதீர்கள்.

அப்புறம், வெட்டுவது. ஏற்றிய வீடியோவின் கோப்பை மாற்றி வேறொன்றை அதே லிங்கில் வைக்க யூடியூபில் வழியில்லை. ஆனால் உள்ளே இருப்பதை வெட்டிக் குறைக்கலாம், ஸ்டூடியோவின் எடிட்டரிலேயே. லிங்க், பார்வைக் கணக்கு, கமெண்ட் எல்லாம் அப்படியே இருக்கும். முறுக்கு வீடியோவில் அக்கா முதல் இரண்டு நிமிடம் வணக்கம் சொல்லி, தீபாவளி நினைவுகளைப் பேசி, அப்புறம்தான் மாவைத் தொடுகிறார். முப்பதாவது நொடியிலேயே பாதிப் பேர் இறங்கிவிடுவதை வரைபடம் காட்டுகிறது. அந்த இரண்டு நிமிடத்தை வெட்டச் சொன்னேன். "அதுல அம்மா பத்திப் பேசியிருக்கேன்டா" என்றார். சரி, அதில் ஒரு இருபது நொடியை மட்டும் வைத்துக்கொள்வதாக ஒப்பந்தம்.

ஒரு சிக்கல் இங்கே சொல்லியாக வேண்டும். 2020 தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு வீடியோவும் குழந்தைகளுக்கானதா இல்லையா என்று ஏற்றுபவர் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் குழந்தைகளின் தனியுரிமை வழக்கில் யூடியூப் 2019இல் 170 மில்லியன் டாலர் கட்ட ஒப்புக்கொண்டதன் விளைவு அது. அக்கா நேர்மையாகப் பாடங்கள் எல்லாவற்றையும் குழந்தைகளுக்கானது என்றே குறித்திருந்தார். அப்படிக் குறித்தால் கமெண்ட் மூடிவிடும், முடிவில் அடுத்த வீடியோவைக் காட்டும் எண்ட் ஸ்கிரீனும் கிடைக்காது. ஆக, அந்தப் பாடங்களைப் பார்க்க வருபவரைச் சமையல் பக்கம் கையைப் பிடித்து அழைத்துவர வழியில்லை. பிள்ளைகளுக்கு எடுத்த பாடத்தை, வசதிக்காக வேறு மாதிரிக் குறித்து மாற்றவும் கூடாது. அவை தம் காலில் நின்றால் நிற்கட்டும் என்று விட வேண்டியதுதான். பாடங்களுக்குள்ளேயே ஒரு பிளேலிஸ்ட் வரிசையை மட்டும் ஒழுங்குபடுத்தினோம்.

மறுபடி எடுப்பது, புதுச் சேனல் தொடங்குவது

மறுபடி எடுப்பது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தலைப்பு நல்லது, தேடல் இருக்கிறது, ஆனால் படமும் ஒலியும் பார்க்கச் சகிக்கவில்லை என்றால் புதிதாக எடுங்கள். பழையதை அழிக்காமல், அதன் டிஸ்கிரிப்ஷனின் முதல் வரியிலும் முதல் கமெண்டிலும் புதியதற்கு வழி காட்டுங்கள். அதே கோப்பை அப்படியே மறுபடி ஏற்றுவது மட்டும் வேண்டாம்; பூஜ்யத்திலிருந்து தொடங்கும், முன்பு பார்த்தவர் மறுபடி பார்க்கமாட்டார்.

புதுச் சேனல் என்பதுதான் கனமான கேள்வி. பார்வையாளர்கள் வேறு வேறு என்றால் சேனலும் வேறாக இருப்பது நல்லது என்பது யூடியூபின் ஆலோசனையும்கூட. பாடம் தேடும் பெற்றோரும், பினாங்கு வீட்டுச் சமையல் பார்ப்பவரும், ஊர் பார்க்கிறவரும் ஒரே கூட்டமா? 'உங்கள் பார்வையாளர்கள் வேறு என்ன பார்க்கிறார்கள்' என்ற பகுதியைத் திறந்தால் ஓரளவு தெரியும். அக்காவுக்குச் சமையலும் ஊர்சுற்றலும் கணிசமாகக் கலக்கின்றன. பினாங்கை விட்டு கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போனவர்கள் இரண்டையும் பார்க்கிறார்கள். பாடம் மட்டும் தனித் தீவு.

அப்படியானால் பாடத்துக்குத் தனிச் சேனல்தானே? கணக்குப்படி ஆமாம். ஆனால் பழைய பாடங்களைச் சேனல் விட்டுச் சேனலுக்கு நகர்த்த முடியாது, கீழிறக்கி மறுபடி ஏற்ற வேண்டும், பார்வைக் கணக்கு எதுவும் கூட வராது. சப்ஸ்கிரைபர் பூஜ்யம், மணி நேரம் பூஜ்யம். அதைவிட முக்கியம், பள்ளி முடிந்து வீட்டுக்கு வந்து ஒரு சேனலுக்கே வீடியோ போட நேரமில்லாத ஒருவர் இரண்டு சேனல் நடத்த வேண்டும். வாரத்தில் இன்னும் ஒரு மாலை நேரம் ஒதுக்க முடியும் என்றால் தொடங்கலாம். இல்லையென்றால் இரண்டு பாதிச் சேனல்கள்தான் மிஞ்சும். அக்கா இதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு எந்த வகுப்பு கிடைக்கும் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்கிறார்.

அப்படியே விடுவது

சோம்பேறித்தனம் போலத் தெரியும் இந்த வழிக்கு ஃபெரி வீடியோவைவிட நல்ல சான்று கிடைக்காது.

2019இல் எடுத்தது. அக்கா பட்டர்வொர்த் துறையில் ஏறி ஜார்ஜ்டவுன் போகிறார், கைப்பேசி ஆடுகிறது, பாதி நேரம் காற்றுச் சத்தம்தான். மேல் தட்டில் நின்று கடலைக் காட்டுகிறார், கீழே கார்கள் வரிசையாக ஏறுவதைக் காட்டுகிறார், சங்கு ஊதுகிறது, அவ்வளவுதான். போட்ட ஆண்டில் சொந்தக்காரர்களைத் தவிர யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்திருந்தால் அன்றைக்கே அழிக்கச் சொல்லியிருப்பேன்.

2020 டிசம்பர் கடைசி நாளோடு அந்தப் பழைய ஃபெரிகள் ஓய்வு பெற்றன. பயணிகளுக்குச் சிறு படகுகள் வந்தன, 2023 ஆகஸ்டில் புதிய ஃபெரிகள் வந்தன, கார்களுக்கு அவற்றில் இடமில்லை. காரோடு ஃபெரியில் போனது பினாங்கில் வளர்ந்த ஒவ்வொருவருக்கும் ஒரு சிறுவயது நினைவு. வீடியோ வரைபடம் 2021 தொடக்கத்தில் சட்டென்று எழுகிறது, அதற்குப் பிறகு ஒருபோதும் தரையைத் தொடவில்லை. கமெண்டில் யாரோ, தன் அப்பா அந்த ஃபெரியில் வேலை பார்த்தவர் என்று எழுதியிருக்கிறார். ஆடும் படத்தைப் பற்றியோ காற்றுச் சத்தத்தைப் பற்றியோ யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பழைய வீடியோ திடீரென்று எழும் என்று சொல்லி எல்லாவற்றையும் சேர்த்து வைக்கச் சொல்லவில்லை. நூற்றில் ஒன்றுக்குத்தான் இப்படி நடக்கும். ஆனால் அந்த ஒன்று எது என்று 2019இல் யாராலும் சொல்லியிருக்க முடியாது, அதை வைத்திருக்க ஒரு காசும் செலவில்லை.

அன்று மாலை ஐந்து மணிக்குள் பட்டியல் முடிந்தது. அறிவிப்பு வீடியோக்கள் அன்லிஸ்டெட். பாடங்களில் மொழியணி சார்ந்த இருபதுக்குத் தலைப்பும் தம்நெயிலும் மாறும். பழைய தேர்வுத்தாளை வரிக்கு வரி விளக்கும் மீதி அப்படியே கிடக்கட்டும், தேடி வருகிறவர் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஃபெரி வீடியோவுக்கு டிஸ்கிரிப்ஷனில் ஆண்டைச் சேர்த்தோம், முடிவில் பட்டர்வொர்த் மீன் சந்தையில் வாங்கி வைத்த குழம்பு வீடியோவை எண்ட் ஸ்கிரீனாக வைத்தோம். அழித்தது ஒன்றே ஒன்று: மாணவன் ஒருவன் அழுதுகொண்டே பாடம் ஒப்பிப்பது. அதை அக்கா பொதுவில் போட்டதே மறந்திருந்தார், பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

முறுக்கு பாக்கி இருக்கிறது. ஒரு வீடியோவுக்கு மூன்று தம்நெயில் வரை வைத்து, எதில் அதிக நேரம் பார்க்கிறார்கள் என்று யூடியூபையே சோதித்துச் சொல்ல வைக்கும் வசதி 2024இலிருந்து இருக்கிறது. தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னால் அதைச் செய்ய வேண்டும். மாவுப் பதம் ஒன்று, எண்ணெயில் வேகும்போது ஒன்று, அச்சிலிருந்து விழும்போது ஒன்று என்று மூன்று படம். அச்சு சுங்கை பட்டாணியில் அம்மா வீட்டில் இருக்கிறது. அடுத்த ஞாயிறு நான்தான் போய் எடுத்து வர வேண்டும்.